இன்னும் வரவில்லை

ஜூன் 11

இந்த டைரி சிவகாசி அச்சகத்துக்காரர் மாதிரிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஆறு மாதம் மேஜையில் சும்மா கிடந்தது. மேலே பிள்ளையார், கீழே ராகுகாலம், நடுவில் எழுத இடம். இன்றைக்கு எழுதத் தோன்றியதற்குக் காரணம் உண்டு.

காலையில் ஷமீமா மேடம் என் டைப்பிங், ஜெராக்ஸ் கடைக்கு வந்தார். பெண்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்துகிறவர். ஒரு ஆன்லைன் கூட்டத்துக்குப் போஸ்டர் வேண்டும் என்றார். கட்டற்ற மென்பொருளாம். ஆளாளுக்குக் கொஞ்சம் எழுதி, எல்லோரும் சும்மாவே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். பேசப்போகிற பொண்ணு பேரும் போட்டோவும் பென்டிரைவில் இருக்கிறது என்று நீட்டினார். திறந்தேன்.

கோமதி. என் மகள்.

முடியைக் கத்தரித்திருக்கிறாள். மேடம் பக்கத்திலேயே நின்றதால் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. போட்டோவை வட்டமாக வெட்டி, கன்னத்தில் விழுந்த நிழலைச் சரிபண்ணி, பேருக்கு மேலே வைத்தேன். "கொஞ்சம் பெருசா வைப்போம் மேடம், மூஞ்சி தெரியட்டும்" என்று மட்டும் சொன்னேன். கலர் சரியாக விழுகிறதா பார்க்க என்று ஒரு பிரதி கூடுதலாக எடுத்தேன். அது இழுப்பறையில் இருக்கிறது.

ஜூன் 12

ஆதார் நகல். பட்டா மனு இரண்டு. ஒரு கருமாதிப் பத்திரிகை. வேறொன்றுமில்லை.

ஜூன் 14

போஸ்டரில் கூட்டத்துக்கான லிங்க்கை அடித்தவளே நான்தான். அதனால் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேமராவை அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மெலிந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு துண்டு காய்கிறது. பெங்களூரில் வேலை. மிச்ச நேரத்தில் 'அலமாரி' என்ற மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறாளாம். சின்ன ஊர் நூலகங்களுக்கானது. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது, எப்போது திரும்பி வரும் என்று அது குறித்து வைக்குமாம். அதைத் தமிழில் கொண்டுவர ஆள் வேண்டும் என்றாள்.

ஒரு பிள்ளை கேட்டது, எங்களுக்கு ஒன்றும் தெரியாதே, வரலாமா என்று. கோமதி சிரித்தாள். "யாரும் வரலாம். யாரு, எவருன்னு கேக்க மாட்டோம். தப்பு பண்ணுனா திருத்திக் காட்டுவோம், திட்ட மாட்டோம்."

யாரும் என்றால் நானும்தானே.

ஜூன் 17

ஷமீமா மேடத்திடம் சொன்னேன், தமிழ் டைப்பிங் இருபத்தாறு வருஷமாகக் கைவசம் இருக்கிறது, மத்தியானம் கடை காற்று வாங்குகிறது, பொழுது போக வேண்டாமா என்று. அவருக்கு ஒரே சந்தோஷம். "அக்கா, நீங்கதான் எங்க ஊர்ல மொத ஆளு" என்று உட்கார்ந்து அலமாரி தளத்தில் கணக்குத் தொடங்கித் தந்தார். என்ன பேர் போட என்றார். செண்பகவல்லி என்று முழுசாகப் போட்டால் சரிப்படாது. வல்லி என்று போடச் சொன்னேன். அப்படி என்னை யாருமே கூப்பிட்டதில்லை.

மேடத்துக்கு அவள் என் மகள் என்று தெரியாது. இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. கோமதி வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாள், அடித்தால் ஒரு மணி அடித்து நின்றுவிடும். இன்றைக்கும் அப்படித்தான்.

ஜூன் 20

புதிதாக வருகிறவர்கள் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று அங்கே விதி இருக்கிறது. நல்ல விதிதான். ஆறு தடவை எழுதி அழித்தேன். கடைசியில் எழுதியது: வணக்கம். நான் வல்லி. தமிழ் டைப்பிங் தெரியும்.

ஒரு நொடிகூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. "வருக வல்லி! நீங்கள் வந்ததில் எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி!" காத்துக்கொண்டு இருந்திருக்கிறாளே என்று நினைத்தேன். வந்தவர்களிடம் ஜெராக்ஸை மாற்றி மாற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 21

அது மெஷின் போடுகிற பதிலாம். யார் வணக்கம் சொன்னாலும் அதேதான் வருமாம். ஷமீமா மேடம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய.

ஜூன் 24

இருநூற்றுப் பன்னிரண்டு வரி. எக்செல் ஃபைலாக வந்தது. இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் காலி. முதல்முறை வருகிறவர்களுக்கென்று ஒதுக்கிய லேசான வேலையாம். லேசா இது? ரிட்டர்ன் என்று ஒரு வரி. புத்தகத்தைத் திருப்பிக் கொடு என்பதா, திரும்பி வா என்பதா? முன்னே பின்னே ஒன்றுமில்லாமல் ஒற்றை வார்த்தை நிற்கிறது.

ஒரு பக்கம் ஆடித்தபசுத் திருவிழா நோட்டீஸ்கள் குவிகின்றன. அம்மன் தவமிருக்கிற நேரம், தேர் ஓடுகிற நேரம், எந்த மண்டகப்படி யாருடையது. அதற்கு நடுவே இது. இரண்டுக்கும் பாமினி ஃபான்ட்தான். கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

கோமதி அப்பா இருந்தவரை என்னைக் கேலி செய்துகொண்டே இருப்பார். பாமினியில் ர் அடிக்க எல்லோரும் கீபோர்டில் ஹெச் சாவியை அமுக்கிப் புள்ளி வைப்பார்கள். நான் யூ சாவியை அமுக்கிப் புள்ளி வைப்பேன். யூ என்பது ர. ர-வுக்குத்தானே புள்ளி வைக்க வேண்டும்? ஹெச் என்பது வெறும் துணைக்கால். பேப்பரில் இரண்டும் ஒன்றுபோலத்தான் விழும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. "தெரியாத தப்பைத் திருத்துற ஒரே ஆளு நீதாம்ட்டி" என்பார்.

ஜூன் 28

முடித்து அனுப்பிவிட்டேன். ஓவர்டியூ என்ற நாற்பத்தேழாவது வரிக்கு மட்டும் ஒரு நாள் ஆனது. கெடு தேதி போயும் கைக்கு வராத புத்தகங்கள். பல விதமாக எழுதிப் பார்த்து, 'இன்னும் வரவில்லை' என்று வைத்தேன்.

ஜூன் 30

தாமஸ் என்று ஒருவர், ஜெர்மனியாம், கோமதியோடு சேர்ந்து அலமாரியைப் பார்த்துக்கொள்கிறவர். என் ஃபைலில் தமிழே இல்லை, அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்துக் குப்பைதான் இருக்கிறது, யாரோ விளையாடுகிறார்கள் என்று எழுதி, அதைச் சேர்க்கச் சொல்லி நான் அனுப்பிய கோரிக்கையை மூடிவிட்டார்.

ஷமீமா மேடம் அவர் லேப்டாப்பில் திறந்து காட்டினார். நான் தமிழ் என்று அடித்த இடத்தில் jkpo; என்று கிடக்கிறது. "அக்கா, பாமினி உங்க மெஷின்ல மட்டுந்தான் தமிழாத் தெரியும். ஃபான்ட் இல்லாத இடத்துல வெறும் சாவி எழுத்துதான். யூனிகோடுல அடிச்சாத்தான் உலகம் பூரா தெரியும்." எனக்குத் தெரியாததா இது? நோட்டீஸும் பத்திரிகையும் என் மெஷினிலிருந்து நேராகப் பேப்பருக்குப் போய்விடும், வேறு எங்கே போகப்போகிறது என்ற பழக்கம்தான். ஒரே ஒரு தடவை போனது. அதை இங்கே எழுத வேண்டாம்.

இருபத்தாறு வருஷம் டைப் அடித்தவளுக்குக் குப்பை என்று பேர்.

ஜூலை 3

மூடிய கோரிக்கைக்குக் கீழே இன்றைக்கு ஒரு பதில், தாமஸுக்கு இங்கிலீஷிலும் எனக்குத் தமிழிலுமாக. மெஷின் இல்லை. கோமதி.

"தாமஸ், இது குப்பை இல்லை, பாமினி எழுத்துரு. நான் முழுவதும் வாசித்துவிட்டேன், மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறது. மறுபடி திறக்கிறேன். வல்லி, நீங்கள் இதை யூனிகோடுக்கு மாற்றி அனுப்ப முடியுமா? 47ஆம் வரியைப் பற்றி மட்டும் பேச வேண்டியிருக்கிறது."

வாசித்துவிட்டாள். ஃபான்ட் இல்லாமல், வெறும் சாவி எழுத்தை. பெங்களூரில் வேறு யாரால் முடியும்? ஐந்தாம் வகுப்பிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் இந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவள். ஒரு தடவை கம்ப்யூட்டர் கெட்டு ஃபான்ட் எல்லாம் போனபோது, திரையில் கிடந்ததை அவள் கடகடவென்று வாசித்துச் சொல்ல, நான் கையால் எழுதிக் கொடுத்தேன். வந்திருந்தவர் வாயைப் பிளந்தார்.

என்னை நீங்கள் என்கிறாள். பிறந்ததிலிருந்து என்னை நீ தவிர வேறு சொன்னதில்லை. மரியாதை இவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 5

எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதிவிடுகிறேன். டைரியிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கோமதி அப்பா போனபிறகு எங்கண்ணன்தான் எனக்கு எல்லாம். அவன் மகன் வேல்முருகனுக்குக் கோமதி என்று சின்ன வயதிலிருந்தே பேச்சு. முறை விட்டுப்போகக் கூடாது என்றான் அண்ணன். நானும் தலையாட்டிவிட்டேன். கோமதி மூன்று தடவை வேண்டாம் என்றாள். மூன்றாவது தடவை அழுதாள். பத்திரிகை அடித்துவிட்டால் வழிக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன். நினைத்தது நான், அண்ணன் இல்லை. இத்தனை நாள் அவன் தலையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையை நானே டைப் செய்து, கடை மெயிலிலிருந்து சிவகாசிக்கு அனுப்பினேன். கடை மெயில் அவள் போனிலும் திறந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். போனில் பாமினி கிடையாது, பார்த்தாலும் கன்னாபின்னாவென்றுதான் தெரியும் என்று ஒரு தைரியம். என்ன தைரியம் அது? யாரிடம்? கடை பெஞ்சில் நானே வளர்த்த பிள்ளையிடம்.

jpUtsu;nry;tp Nfhkjp என்று அவள் போனில் விழுந்திருக்கிறது. திருவளர்செல்வி கோமதி. அன்றைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்து, போனை என் முன்னால் வைத்து, ஒரே கேள்விதான் கேட்டாள். "ஏம்மா, எம் பேர நீயே அடிச்சியா?" சிவகாசியில் அடித்திருப்பார்கள், அண்ணன் கொடுத்திருப்பான் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டாள். ர்-க்கு யூ விழுந்திருந்ததே.

"பின்ன யாரு அடிப்பா?" என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மெஷினிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு ஏழு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வேல்முருகனுக்குப் போன வருஷமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, இப்போது ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. அண்ணன் அவன் பாட்டுக்கு இருக்கிறான். நான்தான் இப்படி.

ஜூலை 9

பாமினியை யூனிகோடாக மாற்றித் தருகிற ஒரு பக்கத்தை ஷமீமா மேடம் காட்டினார். ஒட்டினால் மறுபக்கம் தமிழாக வந்து விழுகிறது. அங்கங்கே ஒற்றெழுத்து ஓடிப்போயிருந்தது, கையால் திருத்தினேன். யூனிகோடில் யூ அடித்தாலும் ஹெச் அடித்தாலும் ர் ஒரே ர்தான். என் அடையாளம் ஒன்றும் மிச்சமில்லை. நல்லதுதான் என்று அனுப்பிவிட்டேன்.

ஜூலை 12

கோமதி எழுதியிருக்கிறாள்: "வல்லி, 47ஆம் வரி. கெடு தாண்டிய புத்தகங்களுக்கு 'இன்னும் வரவில்லை' என்று வைத்திருக்கிறீர்கள். 'கெடு முடிந்தது' என்பதுதான் சரியான பொருள். மாற்றலாமா?"

மாற்றிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு என்னவோ மனசு வரவில்லை. இப்படிப் பதில் போட்டேன்: "கெடு முடிந்தது என்றால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. அதட்டினால் பயந்தவர்கள் அந்தப் பக்கமே வர மாட்டார்கள். இன்னும் வரவில்லை என்றால், எவ்வளவு நாள் கழித்தாவது வந்தால் போதும் என்று அர்த்தம்."

அனுப்பிய பிறகு ஒரு டீ குடித்தேன். இன்னொரு டீயும் குடித்தேன்.

ஜூலை 13

பதில் இல்லை.

ஜூலை 15

இல்லை. தேர்த் தடம் மாறியிருக்கிறதென்று ஐந்நூறு நோட்டீஸைத் திருப்பி அடிக்கச் சொல்கிறார்கள்.

ஜூலை 18

ஷமீமா மேடம் சொல்கிறார், அங்கே எல்லோருமே வேலைக்கு நடுவில் செய்கிறவர்கள், ஒரு வாரம் பதில் இல்லாவிட்டால் தப்பாக எடுக்கக் கூடாது, பொறுமைதான் முதல் பாடம் என்று. இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன் மேடம் என்று வாய் வரை வந்தது.

ஜூலை 19

"ஏற்றுக்கொள்கிறேன். அப்படியே இருக்கட்டும்."

அவ்வளவுதான் எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே, இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் அலமாரியோடு சேர்க்கப்பட்டது என்று ஊதா நிறத்தில் ஒரு குறிப்பு. பங்களித்தவர்கள் என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் மேலே கோமதி, கீழே கடைசியில் வல்லி. ரேஷன் கார்டுக்குப் பிறகு இரண்டு பேர் பேரும் ஒரே தாளில் இப்போதுதான் வருகிறது. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மேடம் மைசூர்பாகு வாங்கி வந்தார். முதல் பங்களிப்பு ஏறினால் கொண்டாட வேண்டுமாம். சாப்பிடும்போது அழுதுவிட்டேன். என்னக்கா என்று பதறினார். சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். மைசூர்பாகுப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, "பேர மறைச்சுட்டு எத்தன வரிக்கா எழுதுவீங்க?" என்று கேட்டார்.

ஜூலை 26

இரண்டாவது பட்டியல் எடுத்திருக்கிறேன். அறுபது வரி. மேடம் கேட்டதையே யோசித்துக்கொண்டு அடிக்கிறேன். அங்கே எழுதுவதெல்லாம் ஊருக்கே தெரியும்படி இருக்கிறது. தனியாக ஒரு வார்த்தை சொல்ல இடம் இல்லை. நான்தான் என்று தெரிந்தால் என் கோரிக்கையையும் மூடிவிடுவாளோ என்றுதான் பயம். இப்போது நீங்கள் என்றாவது பேசுகிறாள். அதுவும் போய்விட்டால்?

ஆகஸ்ட் 4

அறுபது வரியும் முடிந்தது, சுத்தமான யூனிகோடில். அதற்குக் கீழே அறுபத்தோராவதாக ஒரு வரி சேர்த்தேன். இடது பக்கம் காலி. வலது பக்கம் பாமினி. பெரிதாக எழுதி எழுதி அழித்து, கடைசியில் இவ்வளவுதான் நின்றது.

ehd;jhd; mk;kh. ehd; nra;jJ jg;G.

நான்தான் அம்மா. நான் செய்தது தப்பு. ஊரெல்லாம் பார்க்கட்டும், வாசிக்கப்போவது ஒருத்திதான். அன்றைக்கு அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்து அனுப்பினேன். இன்றைக்குத் தெரியும் என்று நினைத்து அனுப்புகிறேன்.

ஆகஸ்ட் 6

தாமஸ் பார்த்துவிட்டார். கடைசி வரி குப்பை, தவறுதலாக விழுந்திருக்கும், நீக்கிவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறார். நல்ல மனுஷன்தான். அவருக்கு எப்படித் தெரியும்?

மத்தியானம் அதற்குக் கீழே கோமதி: "தாமஸ், அதைத் தொட வேண்டாம். நான் பார்த்துக்கொள்கிறேன்."

வேறொன்றும் எழுதவில்லை.

ஆகஸ்ட் 7

ஆடித்தபசு. தெருவெல்லாம் கூட்டம். கடையைப் பூட்டிவிட்டு ரத வீதியில் போய் நின்றேன். அவள் பேர்க்காரி கோமதி அம்மன் அங்கே சப்பரத்தில் சாமியின் காட்சிக்காகக் காத்து நிற்கிறாள். விளைந்ததில் வத்தல், பருத்தி என்று நேர்ந்துகொண்டு எறிகிறவர்கள் எறிந்தார்கள். நான் அம்மனைப் பார்த்ததைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தேன். கத்தரித்த முடியோடு போன பிள்ளைகளையெல்லாம் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தேன். இந்தக் கூட்டத்தில் அவளைத் தேடுவது இது மூன்றாவது வருஷம்.

ஆகஸ்ட் 8

இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 9

கடையில் கூட்டம். மணி பதினொன்றிருக்கும், ஒருவருக்கு வருமானச் சான்று மனு அடித்துக்கொண்டிருந்தேன். மெயில் வந்த சத்தம் கேட்டது. மனுவை முடித்து, அவரை அனுப்பிவிட்டுத்தான் திறந்தேன். அன்றைக்கு மாதிரி வேலையில் கண்ணை வைத்துக்கொண்டே அவளைக் கேட்காமல், வேலையை முடித்துவிட்டு வாசித்தேன் என்பதற்காக இதை எழுதி வைக்கிறேன்.

அறுபது வரியும் ஏற்கப்பட்டது. அறுபத்தோராவது வரிக்குக் கீழே எழுதியிருந்தாள்: "இதை அலமாரியில் சேர்க்க முடியாது. நான் வைத்துக்கொள்கிறேன். முதல் ஃபைலிலேயே தெரியும். வாசகர் என்பதை thrfu; என்று அடிக்கிற ஆளை எனக்கு நன்றாகத் தெரியும். பேரைச் சொல்லட்டும் என்று இருந்தேன்."

அப்படியானால் அத்தனை 'நீங்கள்' சொல்லும்போதும் தெரிந்துதான் சொல்லியிருக்கிறாள். நாற்பத்தேழாவது வரிக்கு ஒரு வாரம் பதில் போடாமல் இருந்ததும் தெரிந்துதான். கழுதை. என்னைப் போலவே அழுத்தம்.

அதற்கும் கீழே ஒரு வரி இருந்தது. தாமஸ் பார்த்தால் மறுபடி குப்பை என்பார்.

mk;kh cd;idg; ghu;f;fZk;

அம்மா, உன்னைப் பார்க்கணும். இழுப்பறையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தேன். பார்க்கணும் என்பதில் ஒரு ர் வருகிறது. அவளும் யூதான் அடிக்கிறாள்.

போனை எடுத்து அவள் நம்பரை அழுத்தினேன். ஒரு மணி அடித்தது. இரண்டாவதும் அடித்தது.